மாரி என்று ஒரு சொல்

சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தோட்டக் கோயிலில் ஞாயிறு காலையில் சமய வகுப்பு எடுக்கிறேன். பொறியியல் படிக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். எனக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்த அக்கா கல்யாணமாகிப் போய்விட்டார். வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

போன மாதம் நான்காம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் கையைத் தூக்கினான். "அண்ணா, மாரியம்மன்னா 'வாங்க, அமைதி'ன்னு அர்த்தமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய மலாய் நண்பன் நம் கோயில் பெயர்ப்பலகையை ரூமி எழுத்தில் வாசித்துவிட்டு அப்படிச் சொன்னானாம். மலாயில் 'மாரி' என்றால் வா. 'அமான்' என்றால் அமைதி, பாதுகாப்பு. அந்தப் பையன் கேலி செய்யவில்லை. தனக்குத் தெரிந்த மொழியில் படித்திருக்கிறான், அதில் தப்பே இல்லை.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் வேறு.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில் பாஸ்க் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் மொழிக்கு உலகில் உறவு மொழி எதுவும் நிறுவப்படவில்லை. அவர்களுடைய பழைய கதைகளில் மலைக்குகையில் வாழும் ஒரு பெண் தெய்வம் வருகிறாள். மழை, புயல், ஆலங்கட்டி எல்லாம் அவள் கையில். பெயர் மாரி! போன வருடம் இது வாட்ஸ்அப்பில் வந்தது. "நம் மாரியம்மனை ஐரோப்பாவே கும்பிட்டது" என்று கீழே ஒரு வரி. எனக்குப் புல்லரித்துப் போனது. அடுத்த ஞாயிறே வகுப்பில் சொல்லிவிட்டேன்.

படிவம் இரண்டு படிக்கும் தங்கை ஒருத்தி அதை எழுதி வைத்துக்கொண்டு பேச்சுப் போட்டியில் பேசினாள். நடுவர் ஒருவர் அமைதியாகக் கேட்டாராம், "இந்தத் தொடர்புக்கு என்னம்மா ஆதாரம்?" அவள் சொன்ன பதில்: "வகுப்புல அண்ணா சொன்னாங்க."

இதைக் கேள்விப்பட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு இரண்டு வாரம் உட்கார்ந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். இந்தப் பாடம் அப்படி வந்ததுதான்.

'மாரி' அல்லது 'மரி' என்று ஒலிக்கும் சொல்லைத் தேடினால் உலகம் முழுக்க அகப்படுகிறது. பிரெஞ்சில் கணவன். எஸ்தோனிய மொழியில் புதர்ச்செடியில் காய்க்கும் சின்னப் பழம். ஜப்பானியத்தில் பந்து. இந்த ஜப்பானியப் பந்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த நாட்டு அரண்மனைகளில் பழங்காலத்தில் பந்தைக் கீழே விழவிடாமல் காலால் தட்டித் தட்டி ஆடுவார்கள், நம் ஊர் செப்பாக் ராகா மாதிரியே. அந்த ஆட்டத்தின் பெயர் 'கெமாரி'. 'கெ' என்றால் உதை, 'மாரி' என்றால் பந்து. மலாயிலும் 'கெமாரி' உண்டு. 'கெ' என்றால் திசையைக் காட்டும் சொல், 'மாரி' சேர்ந்தால் 'இங்கே, இந்தப் பக்கம்' என்று பொருள். ஒலி ஒன்று. பிரிக்கும் இடமும் ஒன்று. ஆனால் உதைபந்துக்கும் 'இங்கே வா'வுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதைப் பார்த்த பிறகுதான் பாஸ்க் மாரி மேல் எனக்கு இருந்த மயக்கம் தெளிந்தது.

ஏன் இப்படி நடக்கிறது? கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்படாதீர்கள். ஒரு மொழியில் 15 மெய், 5 உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள் 75. இரண்டு அசைச் சொற்களுக்கு 75 பெருக்கல் 75, அதாவது 5,625 வடிவங்கள்தான் உண்டு. அதில் ஒரு மொழி 1,000 வடிவத்தைப் பயன்படுத்தினால், அந்த ஆயிரத்தில் 'மாரி' இருக்க ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு. உலகில் சுமார் 7,000 மொழிகள் இருக்கின்றன. தோராயக் கணக்குதான், ஆனாலும் பாருங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் 'மாரி' சும்மாவே வந்து நிற்கும். அதில் ஏதோ ஒன்றில் பொருளும் கொஞ்சம் ஒத்துப்போனால் அது அதிசயமில்லை. ஒத்துப்போகாவிட்டால்தான் அதிசயம்.

அப்படியானால் உறவு என்பதை எதை வைத்துச் சொல்வது? ஒரு சொல்லை வைத்து முடியாது. ஒலி மாற்றம் வரிசையாக நடந்திருக்க வேண்டும். நம்முடைய பால் கன்னடத்தில் ஹாலு. பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. சொல்லின் முதலில் வரும் 'ப' அங்கே 'ஹ' ஆகிறது, திரும்பத் திரும்ப. இது தற்செயலாக நடக்காது. மலாய்க்கும் நியூசிலாந்து மாவோரி மொழிக்கும் இப்படியே. மலாயில் ஐந்து 'லீமா', அங்கே 'ரீமா'. வானம் இங்கே 'லாஙிட்', அங்கே 'ராங்கி'. காது இங்கே 'தெலிங்ஙா', அங்கே 'தாரிங்ஙா'. மாவோரிகள் விருந்தாளியை வரவேற்கும்போது சொல்லும் 'மாய்' என்ற சொல்தான் மலாய் 'மாரி'யின் உண்மையான சொந்தக்காரன் என்று மொழியியலார் காட்டுகிறார்கள். நடுவிலிருந்த 'ர' போய்விட்டது. கவனியுங்கள், அச்சாக ஒரே மாதிரி இருக்கும் நம் மாரி அதற்கு அந்நியம். முகமே வேறாகத் தெரியும் 'மாய்' அதற்குத் தம்பி.

கடன் வாங்கிய சொல் வேறு கதை. மலாயில் உள்ள கெடாய் நம் கடை. மீசாய் நம் மீசை. மோடல் நம் முதல். இங்கே ஒலியும் பொருளும் சேர்ந்து பொருந்துகின்றன, கப்பலும் வணிகமும் சாட்சி சொல்கின்றன. பூஜாங் பள்ளத்தாக்கு நம் வீட்டிலிருந்து மோட்டாரில் போகிற தூரம்தானே. அலமாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழிலும் மலாயிலும் அது இருக்கிறது, ஆனால் நாம் கொடுத்ததும் இல்லை, அவர்கள் கொடுத்ததும் இல்லை. இரண்டு பேரும் போர்த்துகீசியரிடம் வாங்கியது.

சரி, நம் மாரிக்கு வருவோம். ரூமியில் எழுதும்போது மாரி, மாறி, மறி, மரி நான்கும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழில் அப்படி இல்லை. மாறி என்றால் மாற்றமடைந்து. மறி என்றால் ஆட்டுக்குட்டி. மரி என்றால் இறந்து போ. மாரி என்றால் மழை. புறநானூற்றில் கபிலர் பாரியின் கொடையைப் பாடும்போது, உலகத்தைக் காக்க மாரியும் இருக்கிறதே என்கிறார். அம்மன் பெயருக்கு மழைத்தாய் என்று பொருள் சொல்வது இதை வைத்துத்தான். இன்னொரு விளக்கமும் உண்டு. சமஸ்கிருதத்தில் 'மாரி' என்றால் கொள்ளைநோய். இந்தியில் இன்றும் பெருந்தொற்றுக்கு 'மஹாமாரி' என்பார்கள். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி மாரியம்மனைக் கும்பிட்டவர்கள் நாம். அதனால் அந்த விளக்கத்தையும் ஒதுக்க முடியாது. அறிஞர்கள் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள், வகுப்பிலும் நான் இரண்டையும்தான் சொன்னேன். பாஸ்க் மாரியைப் பற்றியும் திருத்திச் சொன்னேன். அந்தப் பெயரில் கிறிஸ்தவ 'மரியா'வின் தாக்கம் இருக்கிறது என்று கருதுகிறவர்கள் உண்டு. எப்படியிருந்தாலும் தமிழ்நாட்டிலிருந்து போனது என்பதற்கு ஆதாரம் கிடையாது. "அப்போ நம்ம அம்மன் சின்ன சாமியா அண்ணா?" என்று ஒருவன் கேட்டான். பினாங்கு குவீன் ஸ்ட்ரீட்டில் 1833-லேயே கோயில் கட்டி, அங்கிருந்து தோட்டம் தோட்டமாகக் கும்பிட்டு வந்திருக்கிறோம், சாமியைப் பெரிசாக்க ஐரோப்பா எதற்குடா என்றேன்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் கேட்டேன். பாட்டி முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். இப்போது அந்தக் காடு முழுக்கச் செம்பனை.

"பாட்டி, மாரின்னா மழைன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன. காலையில மழை பேஞ்சா மரம் நனைஞ்சிடும், பால் கோட்டுல நிக்காம வழிஞ்சிடும். அன்னிக்கு வேலை இல்ல, சம்பளம் இல்ல. பெரட்டுக்குப் போறப்ப கோயில் முன்னால நின்னு, பால் எடுத்து முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க தாயேன்னு கேட்டுட்டுத்தான் போவோம்."

இங்கிருந்து அரை மணி நேரம் வடக்கே போனால் நெல்வயல். அங்கே உள்ளவர்கள் மழை வா என்று கேட்பார்கள்.

போன ஞாயிறு அந்தத் தங்கை ஒரு புதுச் சொல்லோடு வந்தாள். 'தாலி'. மலாயில் அதற்குக் கயிறு என்று பொருள். நம் தாலியும் மஞ்சள் கயிற்றில்தானே கோப்பது! எனக்கு வாய் துறுதுறுத்தது, ஆனால் பேசவில்லை. அவளே நோட்டைத் திறந்தாள்.

"பிலிப்பைன்ஸ் தகாலோக் மொழியிலும் 'தாலி'ன்னா கட்டுற கயிறுதான் அண்ணா. அப்போ அது அவங்க குடும்பத்துச் சொல்லாத்தானே இருக்கும்? இன்னும் ரெண்டு மொழி பார்த்துட்டுச் சொல்றேன்."