இழைமணிகளின் இணைவும் அக்டின் இழைகளும்

எமது உடல் எண்ணற்ற கலங்களால் ஆனது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். செங்குருதிக் கலங்கள் நீங்கலாக, அநேகமாக எல்லாக் கலங்களினுள்ளும் இழைமணிகள் என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உண்ட உணவின் சத்தைக் கலம் செலவிடக்கூடிய சக்தியாக மாற்றித் தருவன இவையே. பாடநூற் படங்களில் இவை தனித்தனி அவரை விதைகள் போல வரையப்பட்டிருக்கும். உயிருள்ள கலத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கினால் காட்சி வேறு. அவை புழுப்போல நெளிந்து, ஒன்றோடொன்று இணைந்தும் மீண்டும் பிரிந்தும் கொண்டிருக்கும்.

ஏன் இணைய வேண்டும்? தாய்வழியாக வரும் 37 பரம்பரையலகுகள் இழைமணியில் உண்டு. நாட்செல்ல அவை பழுதடையும். கந்தோரில் ஒரு பதிவேட்டின் பக்கத்தைக் கறையான் அரித்துவிட்டால் மற்றைப் பிரதியைப் பார்த்து அலுவலை முடிப்போமல்லவா? அவ்வாறே இரண்டு இழைமணிகள் ஒன்றானால், ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும்.

இணைவுக்கு வேண்டிய புரதமொன்று 1997 ஆம் ஆண்டில் பழ ஈயில் கண்டறியப்பட்டது. அதில் பழுதுள்ள ஈக்களின் விந்தாகும் கலங்களில் இழைமணித் திரள் கலைந்த வெங்காயம்போலத் தெரிந்தமையால், அந்தப் பரம்பரையலகுக்கு வெங்காயப் பெயரையே சூட்டிவிட்டனர். விஞ்ஞானிகளுக்கும் பகிடி தெரியும்! மனிதரில் வெளிமென்சவ்வை இணைப்பவை மைற்றோபியூசின் 1, 2 என்பன. உள்மென்சவ்வை இணைப்பது ஓ.பி.ஏ. 1. பரம்பரையாக மைற்றோபியூசின் 2 பழுதாக இருப்போரில் காலுக்குச் செல்லும் நீண்ட நரம்புகள் நலிந்து பாதம் வலுவிழக்கும். ஓ.பி.ஏ. 1 பழுதானால் பார்வை நரம்பு நலியும். பெரும்பாலும் சிறுவயதிலேயே பார்வை மங்கத் தொடங்கும்.

இனி அக்டினுக்கு வருவோம். 1942 இல் ஹங்கேரி நாட்டில் ஸ்ட்ராவுப் என்பவர் தசையிலிருந்து பிரித்தெடுத்த புரதம் இது. தசையில் மட்டுமன்றி எல்லாக் கலங்களிலும் இது இழையாகக் கோர்க்கப்பட்டு உள்ளெலும்புக்கூட்டின் ஒரு பகுதியாகிறது. எலும்பு என்றதும் அசையாத பொருள் என்று எண்ணலாகாது. ஒரு வீட்டுக் கலியாணத்துக்கு நட்ட பந்தற்கால்களைப் பிடுங்கி அடுத்த வீட்டில் நடுவது போல, அக்டின் இழை ஓரிடத்தில் குலைந்து வேறோரிடத்தில் மீண்டும் கோர்க்கப்படும்.

இவ்விழைகள் இழைமணியைப் பிரிக்க உதவுவன என்றே முதலில் விளங்கிக்கொள்ளப்பட்டது. அகமுதலுருச் சிறுவலையில் இருக்கும் ஐ.என்.எவ். 2 என்னும் புரதம் அக்டினைக் கோர்த்து இழைமணியின் இடுப்பை இறுக்க உதவுகிறது என 2013 இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். அக்டின் சூழ்ந்தபோது இழைமணிகள் பிரிவதும், அது கலைந்தபின் விரைந்து இணைவதும் 2016 இல் வெளியான ஆய்வில் தெரிந்தன. ஆகவே அக்டின் பிரிப்பது, விலகினால்தான் இணைவு என்று தோன்றியது.

ஆனால் கனடாவின் கியூபெக் மாகாணத்து ஆய்வாளர் 2025 இல் வெளியிட்ட ஆய்வு இணைவுக்கும் அக்டின் வேண்டும் என்கிறது. இரண்டு இழைமணிகள் இணையும் இடத்தில், இணைவுக்கு முன்னரே அக்டின் வந்து சேர்கிறது; கோர்ப்பைத் தடுத்தால் இணைவு குறைகிறது. இரண்டு முடிவுகளும் முரணானவை என நான் கருதவில்லை. இழைமணி முழுவதையும் மூடிநிற்பது வேறு, தொடும் இடத்தில் மட்டும் பிடித்துக்கொடுப்பது வேறு. ஒரே கயிறு கட்டவும் உதவும், இழுக்கவும் உதவும்.

இந்த இணைவிலும் ஐ.என்.எவ். 2 பங்கெடுக்கிறது. அப்புரதம் பழுதான சில குடும்பங்களில் சிறுநீரகத்தோடு கால் நரம்புகளும் நலிகின்றன என்பது 2011 இலேயே அறியப்பட்டது. மைற்றோபியூசின் 2 பழுதிலும் நலிவது அதே கால் நரம்புகள்தான்.