மணல் வடிகட்டியால் குடிஜலம் சுத்தி செய்தல்

சுத்தி செய்த ஜலம் குழாய்வழி வந்து சேராத கிராமங்களில் குடிகள் குளம், ஆறு, திறந்த கிணறு ஆகியவற்றின் ஜலத்தையே பருகுகின்றனர். பார்வைக்குத் தெளிந்த ஜலத்திலும் வாந்திபேதி, சீதபேதி முதலிய நோய்க் கிருமிகள் இருத்தல் கூடும்.

மணலில் மெல்ல வடித்தலின் பயன் 1892ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நன்கு விளங்கிற்று. எல்பா நதி ஜலத்தை வடிகட்டாது வழங்கிய ஹாம்பர்க் நகரில் 8,000 பேருக்கு மேற்பட்டோர் வாந்திபேதியால் மாண்டனர். அப்போது தனி நகராயிருந்த அண்டைய அல்டோனா, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த அதே நதி ஜலத்தை மணலில் வடித்து வழங்கியமையால் சிறு சேதத்துடன் தப்பிற்று.

இம்முறையை வீட்டிற்கேற்பச் சுருக்கியவர் கனடாவின் கால்கரி சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் மான்ஸ் என்பவர்.

அமைப்பு: சுமார் மூன்றடி உயரக் கான்கிரீட் தொட்டியின் அடியில் கொண்டைக்கடலையளவான சரளை 2 அங்குலமும், அதன்மேல் பயறளவான பொடிக்கல் 2 அங்குலமும், அதற்குமேல் அலசிய நுண்மணல் சுமார் 21 அங்குலமும் இடவேண்டும். அடியிலிருந்து எழும் குழாயின் வாய் மணல்மட்டத்திற்கு 2 அங்குலம் மேலே அமைதல் வேண்டும். இதனால் மணல் ஒருபோதும் உலராது. ஊற்றும் ஜலம் மணலைக் கலைக்காதபடி மேலே துளைத்தட்டு ஒன்று இருத்தல் அவசியம்.

வேலை செய்யும் விதம்: மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களாலான படலம் ஒன்று உண்டாகிக் கிருமிகளை அழிக்கும். இது முதிர முப்பது நாள் வரை செல்லும். அதுவரை வடித்த ஜலத்தைக் காய்ச்சியே பருகவேண்டும். நாள்தோறும் ஜலம் ஊற்றாவிடில் படலம் கெடும். சலவைத்தூள் கலந்த ஜலத்தைத் தொட்டியில் ஊற்றலாகாது. அத்தூளை வடித்த ஜலத்திலேயே அளவாய்ச் சேர்க்கலாம்.

துப்புரவு: ஒழுக்குக் குறைந்தால், மேற்பரப்பைக் கையால் மெல்லக் கலக்கிக் கலங்கிய ஜலத்தை மட்டும் முகந்து நீக்குக. மணலை அள்ளற்க.

எச்சரிக்கை: உப்பு, புளோரைடு, ஆர்ஸனிக் ஆகியவற்றை இவ்வடிகட்டி நீக்காது. ஆதலின் தொட்டி அமைக்குமுன் ஜலத்தைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புதல் கட்டாயமாகும்.

வடிகட்டிகளை வீடுதோறும் வழங்குவதுடன் கிராம அதிகாரிகளின் கடமை முடிந்துவிடாது. துப்புரவு முறையைக் குடும்பத்தில் ஜலம் எடுப்போருக்கே நேரில் செய்து காட்டி, முதல் மாதத்தில் இருமுறையேனும் சென்று பார்த்தல் வேண்டும். பராமரிப்பு அறியாதார் வீட்டுத் தொட்டி, சில திங்களில் தானியம் கொட்டும் குதிராய் முடியும்.