சிப்பந்திகள் ஏன் விலகுகிறார்கள்?

சகோதர வர்த்தகர்களே! நம்மவர்கள் கூடுமிடங்களில் அதிகமாகக் கேட்கும் குறை, “ஆள் நிற்பதில்லை” என்பதாகும். சாப்பாட்டுக் கடையாகட்டும், ஜவுளிக் கடையாகட்டும், நாணயம் மாற்றும் கடையாகட்டும், தொழில் பழகிக் கைதேர்ந்தவுடன் சிப்பந்தி வேறு கடைக்குப் போய்விடுகிறார். “ஐம்பது வெள்ளி கூடக் கிடைத்தால் நன்றியை மறந்து விடுகிறார்கள்” என்று முதலாளி நொந்து கொள்கிறார். சம்பளம் ஒரு காரணம்தான். ஆனால் அதுவொன்றே காரணமாயின், சொற்பச் சம்பளத்தில் இருபது வருஷம் ஒரே கடையில் இருந்தவர்களை நாம் கண்டிருக்க முடியாது.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டும் சரித்திரம் ஒன்றுண்டு. ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள் சிறு வயதில் கொள்ளையரிடம் அகப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, கதீஜா நாயகி (ரலி) அவர்கள் மூலம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். தகப்பனார் தேடியலைந்து, மீட்புப் பணத்துடன் மக்காவுக்கு வந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் முடிவை ஸைதிடமே விட்டார்கள்; போக விரும்பினால் பணமின்றியே போகலாம் என்றார்கள். ஸைதோ தகப்பனாருடன் போகாமல் தங்கிவிட்டார்கள். இது நுபுவ்வத்துக்கு முந்திய சம்பவம்.

கதவு திறந்திருந்தும் போக மனம் வரவில்லை என்பதே இதிலுள்ள படிப்பினை. நம்மில் சிலரோ, ஊரிலிருந்து வந்த சிப்பந்தியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு, “இனி எங்கே போவான்?” என்றிருக்கிறார்கள். பிறர் பாஸ்போர்ட்டை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது மலேசியாவின் 1966-ம் வருஷப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, பூட்டுக்குப் பயந்து நிற்பவரின் மனம் கடையில் இராது. அதை வாடிக்கைக்காரர் முதல் நாளே அறிந்து கொள்வார்.

இனி, சிப்பந்தி மனமுவந்து தங்குவதற்கான வழிகளைக் கவனிப்போம்.

முதலாவது, பேச்சில் தெளிவு. மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கமர்த்திய பெரியவர், எட்டு வருஷம் கடமை, பத்தாக முடிப்பது அவர் விருப்பம் என்று முன்னதாகவே பேசி முடித்ததைத் திருக்குர்ஆன் 28-வது அத்தியாயத்தில் காண்கிறோம். நாமோ, “வா, பார்த்துக் கொள்ளலாம்” என்கிறோம். சம்பளம், வேலை நேரம், ஓய்வு நாள், ஊர் போகும் லீவு யாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. ஓய்வு போக நாளைக்கு 10 மணி வீதம் ஆறு நாள் உழைத்தால் 60 மணி. மிச்சம் 15 மணிக்கு ஓவர்டைம் எங்கே என்று அவர் மனம் கேட்காதா?

இரண்டாவது, சம்பளத் தேதி. சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் கொடுக்க வேண்டுமென்பது மலேசியா, சிங்கப்பூர் இரு நாடுகளின் சட்டமுமாகும். “நாளைக்கு வாங்கிக்கொள்” என்பது நமக்கு ஒரு வார்த்தை. ஊரிலுள்ள குடும்பத்துக்கோ அது மருந்துச் செலவு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

மூன்றாவது, மானம். அனஸ் (ரலி) அவர்கள் பத்து வருஷம் பெருமானாருக்குப் பணிவிடை செய்தும், ஒருமுறையேனும் சலிப்பான சொல்லைக் கேட்டதில்லை. நாமோ வாடிக்கைக்காரர் முன்னிலையில் ஏசுகிறோம். தவறு நேர்ந்தால் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

நான்காவது, முன்னேற்றம். எடுபிடிப் பையனாக வந்தவர் கணக்கெழுதப் பழகி, கல்லாவில் உட்கார்ந்து, முடிவில் பங்காளியாவது நம் பழைய கடைகளில் நடந்த காரியம். கல்லா என்றும் முதலாளியின் மச்சானுக்கே என்று தெரிந்துவிட்டால், கெட்டிக்காரரே முதலில் விலகுவார். அவருக்குத்தானே வேறிடம் உடனே கிடைக்கும்! கொள்முதலையும் கணக்கையும் அவருக்குக் கற்றுக் கொடுங்கள். பொறுப்புக் கூடும்போது சம்பளத்தையும் கூட்டுங்கள். இயன்றால் லாபத்தில் சிறு பங்கும் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒருவர் விலகினால், பாக்கியைத் தீர்த்து, ஸலாம் சொல்லி அனுப்புங்கள். போகுமுன் காரணத்தைக் கேட்டுக் கோபமின்றிச் செவிமடுங்கள். எஞ்சியிருப்பவரைக் காப்பாற்றும் வழி அதில் இருக்கும்.

நம் சிப்பந்திகளின் ஹக்கை நிறைவேற்ற அல்லாஹ் நம் யாவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.