மாசி வெறும் உப்புக் கருவாடா?

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தேங்காய்ச் சம்பல் இடிக்கும் வீடுகளில் மாசிக்குத் தனி மரியாதை உண்டு. ஆனாலும் அதைப் பற்றிய பேச்சில் தவறுகள் ஏராளம்.

“அதுவும் உப்புக் கருவாடுதானே” என்பது முதல் தவறு. உப்பைத் தடவி வெயிலில் போட்டால் மாசி கிடைக்காது. அது மாலத்தீவில் சூரை மீனில் செய்வது. அங்கே சூரையை வலை வீசிப் பிடிப்பதில்லை. உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் தூவிக் கூட்டத்தை வரவழைத்து, தோணியின் பின்பக்கம் வரிசையாக நின்று தூண்டிலில் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவார்கள். கரை சேர்ந்ததும் தலையும் குடலும் நடுமுள்ளும் நீக்கி, நீளவாக்கில் நான்காக அறுத்து, உப்புநீரில் வேகவைப்பார்கள். அடுத்தது புகை. வெயில் கடைசியில்தான். முழுக்கக் காயவிடாமல் புகையோடு நிறுத்திய மீனும் அங்கே உண்டு. அதை உதிர்த்து, துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறோடு பிசைந்தால் மஸ் ஹுனி. காலையில் ரொட்டிக்கு அதுதான். மீன் வெந்த தண்ணீரைக்கூடக் கொட்டுவதில்லை. நுரையை எடுத்து எடுத்துச் சுண்டக் காய்ச்சி, ரிஹாகுரு என்னும் கரும்பழுப்பு விழுதாக்கிவிடுவார்கள்.

“கல்லாக இருக்கிறது, பழைய சரக்கு” என்று கடையில் ஒதுக்குகிறவர்கள் நல்லதைத்தான் ஒதுக்குகிறார்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் விறகுக்கட்டைபோலச் சத்தம் வர வேண்டும். விரலுக்கு அமுங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். கெட்டி மாசியைத் துணியில் சுற்றி உரலில் இடித்தால் தூளாகிவிடும்.

“விற்காத மீனை ஏழைகள் உப்பிட்டு வைத்தது” என்ற பேச்சுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இப்னு பதூதா இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார்: நான்காக அறுத்து, சிறிது வேகவைத்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகையில் தொங்கவிட்டு, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்பினார்களாம். பல நூற்றாண்டுகள் அந்தத் தீவுகளுக்கு அரிசி வாங்கிக் கொடுத்த சரக்கு இது. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை இறக்குமதியைக் குறைத்தபோது மாலத்தீவின் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. அந்தச் சமயத்தில்தான் ஜப்பானியக் கம்பெனிகள் சூரையைப் பச்சையாக வாங்கி உறையவைக்க வந்தன.

“நன்றாகக் கொதித்தால் எந்தக் கெடுதலும் போய்விடும்” என்பது ஆபத்தான நம்பிக்கை. சூரையைப் பிடித்தபின் வெப்பத்தில் கிடக்கவிட்டால் பாக்டீரியாக்கள் அதன் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். பிறகு வேகவைத்தாலும் புகைபோட்டாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்றே நினைத்துவிடுகிறார்கள். நாக்கில் மிளகுக் காரம்போல் சுரீரென்று பட்டால் அந்த மாசியைத் தூக்கிப் போடுங்கள்.

உப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். உப்புநீரில் வெந்தது என்பதால், மாசி சேர்த்து இடித்து, ருசி பார்த்தபிறகே சம்பலுக்கு உப்புப் போடுங்கள். பல நேரம் தேவைப்படாது.