கூட்டத்துக்குள் ஒரு புதிய ஆண்

பத்தாம் வகுப்பில் இரத்த வகைகளை நடத்தும்போது, ஆர்எச் காரணிக்குப் பெயர் தந்த ரீசஸ் குரங்கைப் பற்றியும் சிறிது பேசுவேன். "கூட்டத்துக்குத் தலைமை யார்?" என்றால், "ஆண் குரங்கு" என்றே பெரும்பாலும் விடை வரும்.

ரீசஸ் கூட்டத்தில் பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. தாயின் படிநிலை மகளுக்கு வருகிறது. அதிலும் அக்காளைவிடத் தங்கைக்கே பொதுவாக உயர்ந்த இடம். (வகுப்பிலுள்ள கடைக்குட்டிகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.) ஆண்கள் பருவமடையும் காலத்தில் வேறு கூட்டம் தேடிச் செல்கின்றன. இதனால் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் தவிர்க்கப்படுகிறது.

அடைப்பில் வளரும் ஆண் எங்கே போகும்? நெதர்லாந்தின் ரைஸ்வைக்கிலுள்ள முதனி ஆய்வு மையம் போன்ற இடங்களில் பராமரிப்பாளர்களே அதை மாற்றுகிறார்கள். பழைய ஆணை அகற்றிய பின், புதியதைப் பக்கத்து அடைப்பில் வைத்து ஒன்றையொன்று பார்க்க விடுகிறார்கள். பிறகே கதவைத் திறக்கிறார்கள். அப்போது ஒரு பெண் அலறினால் அதன் தாயும் சகோதரிகளும் பாய்ந்து வரும். பல சேர்ந்து கடித்தால் வலிய ஆணும் படுகாயமடையும். தப்பியோட அங்கே காடு இல்லை. நிலைமை முற்றினால் அதை வெளியே எடுத்துவிட வேண்டியதுதான். பெண்கள் அதற்குப் பேன் பார்க்கத் தொடங்கினால் நல்ல அறிகுறி.

நம் கோயில்களில் திரியும் நாட்டுக் குரங்குகளிலும் பெண்கள் தங்க, ஆண்களே பெரும்பாலும் இடம் மாறுகின்றன. எது எதற்குப் பேன் பார்க்கிறது என்று, தீனி போடாமல் தள்ளி நின்று அரைமணி நேரம் குறித்துவரச் சொல்லுங்கள். பிறகு அதே கேள்வியை மீண்டும் கேளுங்கள்.