அஸ்திவாரத்தில் ஊறும் மழை

கேள்வி: நாகர்கோவில் பக்கம் வயலை நிரப்பிக் கட்டிய வீடு. மழை வலுத்தால் தரையோரம் நீர் கசிகிறது. உள்சுவரில் வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் போதுமா?

பதில்: போதாது. நீர் வெளியிலிருந்து வருகிறது. உள்ளே பூசினால் பின்னால் உப்புப் பூத்து பெயின்ட் தோலாக உரியும். பெயின்ட் கடைக்காரருக்குத்தான் லாபம்.

உங்கள் நாஞ்சில் நாட்டுக்கு மழை இரண்டு தடவை: தென்மேற்குப் பருவமான இடவப்பாதியும் வடகிழக்குப் பருவமான துலா மழையும். கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளைந்ததும் அதனால்தான். அந்த வயலில் மண்ணடித்தாலும் அடியில் நீர்மட்டம் பழையபடி ஏறும். கருங்கல் அஸ்திவாரத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள சந்து போதும், நீர் உள்ளே வர.

மழை கொட்டும்போதே குடையோடு வீட்டைச் சுற்றி வரவேண்டும். மாடிக்குழாய் சுவரடியிலேயே ஊற்றுகிறதா? முற்றம் வீட்டை நோக்கிச் சரிகிறதா? பல வீடுகளில் குற்றவாளி இந்த இரண்டுதான். குழாயை நீட்டி, சுவரை ஒட்டி இரண்டரை அடி அகலத்துக்கு வெளிச்சரிவாக கான்கிரீட் போட்டாலே பாதி அடங்கும்.

அடங்காவிட்டால் கோடையில் வெளிப்புறம் தோண்ட வேண்டும். ஒரே மூச்சில் அல்ல, சில அடி நீளமாக. இல்லையெனில் அஸ்திவாரம் பிடிமானம் இழக்கும். சந்துகளைச் சிமென்ட் கலவையால் அடைத்து, துளையிட்ட பிவிசி குழாயை ஜல்லிக்குள் பதித்து, நூறடிக்கு ஓரடி சரிவில் தாழ்வான பக்கம் விடலாம். அண்டை வீட்டுப் பக்கம் விட்டால் அடுத்த கேள்வி வக்கீலுக்குத்தான் போகும்.

மழைநீரைச் சுவரடியில் விழவிடாமல் தள்ளும் பழைய வழியைப் பார்க்க வேண்டுமா? பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் ஓட்டுக்கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது என்று நிமிர்ந்து பார்க்கலாம்.