அறுநூறு கிலோ என்னும் வாக்குறுதி

அன்புள்ள தம்பிக்கு,

விமானப் பொறியியல் படிக்கத் தொடங்கியதும் நீ கேட்டிருக்கும் கேள்வி எனக்கு மகிழ்ச்சி தந்தது. அமெரிக்காவில் வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் அதை ஸ்போர்ட் பைலட் விதிகளுக்குள் அடங்கும்படி மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் எப்போது மாற்றுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

அங்கே வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுவது சட்டத்துக்கு உட்பட்ட காரியம். வேலையில் பாதிக்கு மேல் தன் கையால், கற்பதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்தவருக்கு, விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 'சோதனை வகை'ச் சான்று தருகிறது. அதே நிர்வாகம் 2004இல் ஸ்போர்ட் பைலட் என்ற லைசென்ஸைக் கொண்டுவந்தது. குறைந்தது 20 மணி நேரப் பறப்புப் பயிற்சி இருந்தால் போதும். தனி மருத்துவச் சான்று தேவையில்லை, கார் ஓட்டும் லைசென்ஸே போதும். கடைசியாக விண்ணப்பித்த மருத்துவச் சான்று மறுக்கப்பட்டிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. வயதான பைலட்டுகள் பலர் தங்கள் விமானம் இந்த விதிக்குள் வருமா என்று கணக்குப் போட ஆரம்பித்தது இதனால்தான்.

2004 விதி கேட்டவை இவை. நிலத்தில் இறங்கும் விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 1,320 பவுண்டு, அதாவது 600 கிலோ. கடல்மட்டச் சூழலில், இன்ஜின் தொடர்ந்து தரக்கூடிய முழு சக்தியில், நேர்மட்ட வேகம் 120 நாட்டுக்கு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் போகக் கூடாது. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்பை இறக்காத நிலையில் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் கைவிடும் வேகம், 45 நாட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு இருக்கை, ஒரே பிஸ்டன் இன்ஜின், மடங்காத சக்கரங்கள், பறக்கும்போது கோணம் மாற்ற முடியாத புரொப்பெல்லர்.

இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது: முதல் சான்று பெற்ற நாளிலிருந்து விமானம் இந்த வரம்புகளுக்குள் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். தொழிற்சாலைத் தயாரிப்பான எர்கூப்பை எடுத்துக்கொள். 415-சி மாடலின் எடை வரம்பு 1,260 பவுண்டு. அது விதிக்குள் வந்தது. 415-டி மாடலுக்கு 1,400 பவுண்டு, அது வரவில்லை. ஒரு சி மாடலை யாரோ ஒரு காலத்தில் டி மாடலாக மாற்றியிருந்தால், பிறகு பழையபடி திருப்பினாலும் ஸ்போர்ட் பைலட் அதை ஓட்ட முடியாமல் இருந்தது. வீட்டில் கட்டிய விமானத்துக்கும் இதே சட்டம்தான் இருந்தது. அதனால் மாற்றங்களையெல்லாம் முதல் சான்றுக்கு முன்பே செய்து முடிக்க வேண்டியிருந்தது.

அந்த 2004 விதிக்குள் ஒரு விமானத்தைக் கொண்டுவரும் கணக்கை எடையிலிருந்து தொடங்குவோம். வீட்டில் கட்டிய விமானத்தின் அதிகபட்ச எடையைக் கட்டியவரே நிர்ணயிக்கிறார். வடிவமைப்பாளர் 680 கிலோ வரை அனுமதித்த விமானத்துக்கு 600 என்று குறைத்து எழுதலாம், அதில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறந்தால் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

கட்டி முடித்ததும் எடை போடும் முறையைப் பார். காற்று புகாதபடி கொட்டகைக் கதவை மூடுவார்கள். பெட்ரோலை வடித்துவிட்டு, மூன்று சக்கரங்களுக்கும் அடியில் தனித்தனித் தராசு வைத்து, விமானத்தைச் சமமட்டத்தில் நிறுத்துவார்கள். மூன்று எண்களையும் கூட்டினால் வெற்று எடை. அது 420 கிலோ என்று வைத்துக்கொள். எண்பது கிலோ ஆள் இருவர் ஏறினால் 580. மீதி 20 கிலோவுக்கு ஏறக்குறைய 28 லிட்டர் பெட்ரோல்தான் கொள்ளும். மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் இன்ஜினில், பகல் பறப்புக்குக் கட்டாயமான அரை மணி நேர இருப்பைக் கழித்தால் ஒரு மணி நேரம்கூடப் பறக்க முடியாது. டாங்கி 100 லிட்டர் பிடிக்கும் என்று முழுக்க நிரப்பினால் மொத்தம் 652 கிலோ!

ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பின்தொடரும். 680 கிலோவில் 47 நாட் என்றால் 600 கிலோவில் 44, விதிக்குள் வந்துவிடுகிறது. அந்த 652 கிலோவிலோ 46. ஆவணத்தில் இருக்கும் எண் இறக்கைக்குத் தெரியாது.

ஆகவே உண்மையாகவே எடையைக் குறைக்க வேண்டும். கனமான லைகமிங் இன்ஜினுக்குப் பதில் ரோட்டாக்ஸ் 912 வைப்பது ஒரு வழி. ஆனால் மூக்கில் எடை குறைந்தால் ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். பின்னால் கனத்த விமானம் நிலைத்தன்மையை இழக்கும், ஸ்டாலிலிருந்து மீட்பதும் கடினமாகும். அதற்காகவே லேசான இன்ஜினை நீளமான தாங்கியில் முன்னே தள்ளிப் பொருத்துகிறார்கள். ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் கணக்கிட வேண்டும் என்பதை இங்கேயே கற்றுக்கொள்.

வேகத்தைக் குறைப்பது வேறு கணக்கு. தேவைப்படும் சக்தி, வேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து ஏறும். 130 நாட் போகும் விமானத்தை 120க்குக் கொண்டுவர, சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். புரொப்பெல்லர் அலகின் கோணத்தைத் தரையிலேயே குறைத்து வைத்தால், இன்ஜின் தன் சுழற்சி வரம்பைச் சீக்கிரம் எட்டிவிடும். ஓட்ட வேகம் குறையும், ஏறும் திறன் கூடும்.

பிறகு பறந்து பார்த்து நிரூபிக்க வேண்டும். போதிய உயரத்தில், நொடிக்கு ஒரு நாட் வீதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து ஸ்டாலைக் குறிக்க வேண்டும். மூக்கு நிமிர்ந்த நிலையில், வேகம் அளக்கும் பிட்டோ குழாய் காட்டும் எண் பிசகும். திருத்திய வேகத்தைத்தான் விதி கேட்கிறது. சான்றுக்குப் பின் பெரிய மாற்றம் எதுவும் செய்தால் எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரிவித்து, மறுபடி சோதனைப் பறப்பு செய்து காட்ட வேண்டும்.

2025இல் விதி தளர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 22 முதல் ஸ்போர்ட் பைலட்டுக்கு 600 கிலோ வரம்பும் 120 நாட் வரம்பும் இல்லை. ஃபிளாப் இறக்காத ஸ்டால் வேகம் 59 நாட்டுக்குள் இருந்தால் போதும். நான்கு இருக்கை வரை இருக்கலாம், பயணி ஒருவர் மட்டுமே. இனி இத்தனை நெருக்கடி பலருக்கு இருக்காது. ஆனாலும் ஸ்டால் வேகத்தை முடிவுசெய்வது எடைதான் என்பதால் தராசுக்கு இருந்த மதிப்பு அப்படியே இருக்கிறது.

தம்பி, ஒரு நாள் நீயும் விமானம் கட்டலாம். தகடு வெட்டும் முன்பே எந்த விதிக்குள் பறக்கப் போகிறாய் என்று தீர்மானித்துக்கொள். ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டுப் பொருத்து. ஆவணத்தில் நீ எழுதும் எடை, உன் பக்கத்து இருக்கையில் உட்காரப் போகிறவருக்கு நீ கொடுக்கும் வாக்கு. அதைக் காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்